கப்பலில் இணையம் இல்லை: டிஜிட்டல் கேம்களை நம்பலாமா, டிஸ்க்குக்குத் திரும்பலாமா?

நங்கூரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சரக்குக் கப்பலில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். ஒரு முறை ஏறினால் இறங்குவதற்கு நான்கு அல்லது ஐந்து மாதங்கள் ஆகிவிடும். கப்பலில் செயற்கைக்கோள் இணைப்பு உண்டு. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுக்கிறார்கள், வீட்டுக்குச் செய்தி அனுப்புவதற்கே அது சரியாகப் போய்விடுகிறது. பத்து ஆண்டுகளாக கேம்கள் அனைத்தையும் டிஸ்க் இல்லாமல், இணையத்தில் பதிவிறக்கும் டிஜிட்டல் வடிவிலேயே வாங்கி வருகிறேன். அறையில் இடம் குறைவு, டிஸ்க்குகளைப் பெட்டியில் அடுக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை.

சென்ற பயணத்துக்கு முன் பதினோரு கேம்களைக் கன்சோலில் (கேம் விளையாடும் பெட்டியில்) முழுமையாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டேன். கப்பல் புறப்பட்ட மூன்றாம் நாள், இரவு வாட்ச் (முறைப் பணி) முடிந்து வந்து கன்சோலை இயக்கியபோது, பதினோரு கேம்களின் படங்கள் மேலும் சிறியதொரு பூட்டுச் சின்னம் தெரிந்தது. எதை அழுத்தினாலும், உரிமத்தைச் சரிபார்க்க இணையத்துடன் இணையுங்கள் என்ற ஒரே செய்திதான் வந்தது. 600 ஜிபிக்கு மேற்பட்ட தரவு கைக்கெட்டும் தொலைவில் இருக்க, மீதமிருந்த நான்கரை மாதங்களையும் சீட்டுக்கட்டுடன் கழித்தேன். மடிக்கணினியில் இருந்த கேம்களில் சில திறந்தன, சில லாஞ்சரின் (கேமைத் திறந்துவிடும் செயலியின்) உள்நுழைவுத் திரையிலேயே நின்றுவிட்டன. ஏன் அந்தச் சில மட்டும் திறந்தன என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு ஆறு வாரங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கேம்களையே டிஸ்க்காக மறுபடியும் வாங்குவதுதான் வழியா? அப்படி வாங்கினால், இணையமே இல்லாத இடத்தில் அவை நிச்சயமாக ஓடுமா? இது தொடர்புள்ளதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இதே வகையைச் சேர்ந்த பழைய கன்சோல் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அவனும் என் கணக்கில் உள்ள கேம்களைத்தான் விளையாடுகிறான்.

இருவிசை

கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான் நோயின் மூலம் என்று நினைக்கிறேன்.

டிஜிட்டல் கேம் ஒன்று திறப்பதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒன்று கேமின் தரவு. அது உங்களிடம் இருந்தது. மற்றொன்று உரிமம், அது உங்கள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. கணக்கு உங்களுடையதுதான் என்பதை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் இருப்பதற்காக, ஏதேனும் ஒரு கன்சோலை மட்டும் "இது என் சொந்தக் கன்சோல்" என்று குறித்துவைக்க நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அவ்வாறு குறிக்கப்பட்ட கன்சோலில் இணையம் இல்லாமலும் கேம்கள் திறக்கும். அதே கணக்கில் நுழைந்த மற்ற கன்சோல்களில் இணையம் இருந்தால்தான் திறக்கும். சோனியின் பிளேஸ்டேஷன் 4-இல் (பிஎஸ்4) இதற்கு முதன்மைக் கன்சோலாகச் செயல்படுத்துதல் என்று பெயர். பிஎஸ்5-இல் கன்சோல் பகிர்வும் ஆஃப்லைன் விளையாட்டும் என்ற அமைப்பாக அது இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் அதை ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்பார்கள். உங்கள் தம்பி தன் சொந்தக் கணக்கில் இருந்துகொண்டே உங்கள் கேம்களை விளையாடுகிறார் என்றால், அந்தக் குறி இன்னும் அவரிடமுள்ள கன்சோலில்தான் இருக்கிறது என்று பொருள். நீங்கள் எடுத்துச் சென்ற புதிய கன்சோலை விருந்தாளியாகத்தான் உங்கள் கணக்கு பார்த்திருக்கிறது.

எனவே, பயணத்துக்கு முன் பழைய கன்சோலில் அந்தக் குறியை நீக்கிவிட்டுப் புதியதில் அதைச் செயல்படுத்துங்கள். நீங்கள் திரும்பும் வரை தம்பிக்கு என்ன வழி என்பது குடும்ப விவகாரம். அதில் நான் தலையிட மாட்டேன்.

மடிக்கணினியின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு நடைமுறை, சில வேளைகளில் ஒவ்வொரு கேமுக்குமே ஒரு நடைமுறை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆஃப்லைன் (இணையம் இல்லாத) முறை உண்டு. ஆனால், இணையம் இருக்கும்போதே அப்டேட்கள் அனைத்தையும் முடித்து, ஒவ்வொரு கேமையும் ஒரு முறையாவது திறந்து மூடி, அதன் பிறகே ஆஃப்லைனுக்கு மாற வேண்டும். பதிவிறக்கியதோடு விட்டுவிட்டால், முதல் முறை திறக்கும்போது நடக்க வேண்டிய நிறுவல் வேலைகள் நடுக்கடலில் வந்து நிற்கும். சில பெரிய நிறுவனங்களின் கேம்கள் ஸ்டீமில் வாங்கப்பட்டாலும் தம்முடைய சொந்த லாஞ்சரையும் உடன் திறக்கின்றன. உங்கள் கேம்களில் சில உள்நுழைவுத் திரையில் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். டெனுவோ போன்ற நகல் தடுப்புள்ள கேம்கள், முதல் முறை இணையத்தோடு திறக்கும்போது அந்தக் கணினிக்கென்று ஓர் அனுமதிச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்கின்றன. கேமுக்கு அப்டேட் வந்தாலோ கணினியின் பாகத்தை மாற்றினாலோ அந்தச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டிவரலாம். ஆகையால் கிளம்புகிற நாளன்று எதையும் அப்டேட் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இந்தத் தொல்லை எதுவுமே வேண்டாம் என்றால், 2008 முதல் நகல் தடுப்பு இல்லாமல் கேம்களை விற்றுவரும் ஜிஓஜி தளத்தைப் பாருங்கள். அங்கே வாங்கும் கேமின் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை அப்படியே பதிவிறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். ஒற்றையாளர் கேம் என்றால், பிறகு எந்தக் கணினியில் நிறுவினாலும் யாரிடமும் அனுமதி கேட்காது. பெரிய கேம்கள் பல கோப்புகளாகப் பிரிந்து வரும். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும் என்பதால், நகலெடுத்த பின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

தூசிதட்டி

இருவிசை சொன்னவை சரியே. ஆனால் அவை அடுத்த ஐந்து மாதங்களுக்கான மருந்து மட்டும்தான். பத்தாண்டுகளாகச் சேர்த்தவர் அடுத்த பத்தாண்டுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதால் டிஸ்க்கின் தரப்பில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2014 ஆகஸ்டில் பி.டி. என்ற திகில் டெமோ (முன்னோட்டச் சிறு கேம்) ஒன்று பிஎஸ்4-க்கு இலவசமாக வெளியானது. மறு ஆண்டே அது கடையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு, முன்பு பதிவிறக்கியிருந்தவர்களாலும் அதை மீண்டும் பதிவிறக்க முடியவில்லை. அது தங்கியிருந்த ஹார்ட் டிஸ்க் பழுதானவர்களுக்கு அதோடு கதை முடிந்தது. நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் ஆகிய கேம் கருவிகளுக்கான இணையக் கடைகள் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தின. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவற்றை இவற்றிலிருந்து பதிவிறக்கும் வசதியை விட்டுவைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கார்ட்ரிட்ஜிலோ (கருவியில் செருகும் கேம் அட்டை) டிஸ்க்கிலோ வராமல் கடையில் மட்டுமே இருந்த கேம்களைப் புதிதாக ஒருவர் நேர்வழியில் பெறுவதற்கு இனி வாய்ப்பே இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை.

டிஸ்க்கை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், தம்பிக்கு எழுதி வைக்கலாம். உங்கள் கப்பலில் இன்னொரு பொறியாளரிடமும் கன்சோல் இருந்தால் மாற்றி மாற்றி விளையாடலாம். இவற்றில் ஒன்றுக்கும் எந்த நிறுவனத்தின் சம்மதமும் தேவையில்லை.

மௌனமணி

தூசிதட்டியாரின் அலமாரி மீது எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் டிஸ்க் வாங்கினால் கவலை விட்டது என்று கேள்வி கேட்டவர் எடுத்துக்கொண்டால், அவர் இரண்டாம் முறையும் சீட்டுக்கட்டோடுதான் உட்கார வேண்டியிருக்கும்.

இன்றைய கன்சோல்களில் டிஸ்க்கில் உள்ள தரவு முதலில் உள் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கப்பட்டு, கேம் அங்கிருந்துதான் ஓடுகிறது. அதன் பிறகு டிஸ்க் வெறும் சாவியாகத்தான் இருக்கிறது. அந்தச் சாவி திறக்கும் அறையில் என்ன இருக்கிறது என்பது கேமுக்குக் கேம் மாறுபடும். 2015-இல் வெளியான டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5-இன் டிஸ்க்கில் பயிற்சிப் பகுதியும் மைதானம் அமைக்கும் கருவியும் தவிர வேறொன்றும் விளையாடக் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் முதல் நாள் பேட்ச்சில்தான் (வெளியீட்டு நாளில் இணையம் வழியே வரும் திருத்தக் கோப்பில்) வந்தது, அந்தப் பேட்ச்சோ டிஸ்க்கில் இருந்ததைவிடப் பெரியது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு விற்கப்படும் கேம்-கீ கார்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன: பார்ப்பதற்குக் கார்ட்ரிட்ஜ், உள்ளே கேமே இல்லை. முழு கேமையும் இணையத்திலிருந்து பதிவிறக்கிய பின், கார்டையும் செருகி வைத்தால்தான் திறக்கும். டிஜிட்டலின் சங்கடமும் டிஸ்க்கின் சங்கடமும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது என்று நான் சொல்வதுண்டு. நல்ல வேளையாக, பெட்டியின் முகப்பிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுகிறார்கள்.

எப்போதும் இணையத்தில் இருந்தாக வேண்டிய கேம்கள் தனி இனம். யூபிசாஃப்ட்டின் தி க்ரூ 2014 டிசம்பரில் வந்தது. தனியாகவே அதில் கார் ஓட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை அணைத்ததும், டிஸ்க் வைத்திருந்தவருக்கும் டிஜிட்டலாக வாங்கியவருக்கும் ஒரே கதிதான் நேர்ந்தது. ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கம் கிளம்பியதற்கு அதுவே காரணம். இத்தகைய கட்டாயம் எல்லா இடங்களிலும் தொழில்நுட்பத்தால் வந்தது என்று நான் நம்பவில்லை. 2013-இல் வந்த சிம்சிட்டிக்கு முதலில் இணையம் கட்டாயமாக இருந்தது, ஓராண்டு கழித்து ஆஃப்லைன் முறையை அவர்களே கொடுத்தார்கள். டியாப்லோ 3 கணினியில் 2012-இல் வந்தபோது தனியாளாக விளையாடவும் இணையம் வேண்டும் என்றார்கள். மறு ஆண்டு வந்த கன்சோல் பதிப்போ இணையம் இல்லாமலே ஓடியது.

கருவியையும் மறந்துவிடாதீர்கள். 2023 இறுதியில் வந்த பிஎஸ்5 மாதிரியில் டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டலாம். ஆனால் முதன்முறை மாட்டும்போது அதைப் பதிவுசெய்ய இணையம் தேவை. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கப்பலுக்குத் தூக்கிச் சென்றால் டிஸ்க்குகள் சும்மாதான் கிடக்கும். பிஎஸ்4-இல் கடிகாரத்துக்கென ஒரு சிறிய பொத்தான் பேட்டரி உண்டு. அது தீர்ந்து, இணையமும் இல்லையென்றால், டிராஃபி (கேமில் சாதித்ததற்குக் கிடைக்கும் பதக்கம்) பெற்ற நேரத்தைச் சரிபார்க்க முடியாமல் டிஸ்க் கேம்கூடத் திறக்க மறுத்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருளில் அதைத் திருத்தினார்கள். பழைய பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் அந்த அப்டேட்டாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வடிவில் வாங்கினாலும் ஒரு சோதனை போதும். கிளம்புவதற்கு இரண்டு வாரங்கள் முன்பு வீட்டு இணைப்பைக் கன்சோலிலும் கணினியிலும் துண்டித்துவிட்டு, கருவிகளை முழுமையாக அணைத்து மறுபடி இயக்கி, எடுத்துச் செல்லப் போகும் ஒவ்வொரு கேமையும் முதல் திரையோடு விடாமல் சேவ் செய்யும் கட்டம் வரை ஆடிப் பாருங்கள். சில கேம்கள் திறந்துவிடும். ஆனால் முன்னேற்றத்தைச் சேமிக்க மட்டும் சர்வரைத் தேடும்.

நங்கூரம்

மூவருக்கும் நன்றி. இருவிசை அவர்களின் ஊகம் முற்றிலும் சரி: தம்பியிடமுள்ள கன்சோலில்தான் அந்தக் குறி இருந்தது. அவனிடம் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்றான், எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

குறியை மாற்றிய பின், மௌனமணி அவர்கள் சொன்னபடி வெள்ளி இரவு இணைப்பைத் துண்டித்து ஞாயிறு மாலை வரை சோதித்தேன். அந்தப் பதினோரு கேம்களில் ஒன்பது தடையின்றி ஓடுகின்றன. ஒன்று முழுக்க இணையத்தை நம்பிய கேம். வாங்கும்போதே அதைப் படித்திருக்க வேண்டும். இன்னொன்று நன்றாகத் திறந்து, இரண்டு மணி நேரம் ஆட விட்டு, சேவ் செய்யும்போது சர்வர் கிடைக்கவில்லை என்றது. கப்பலில் இதைக் கண்டுபிடித்திருந்தால் கன்சோலின் கைப்பிடியைக் கடலில் எறிந்திருப்பேன்.

எனவே வாங்கியவற்றையே டிஸ்க்காக மறுபடி வாங்கப் போவதில்லை. மடிக்கணினிக்கு மட்டும் மூன்று நீண்ட கேம்களின் இன்ஸ்டாலர்களை இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். குறியை மாற்றியதற்குப் பதிலாகத் தம்பிக்கு இரண்டு டிஸ்க்குகள் வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. நான் திரும்பியதும் அவற்றை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

தூசிதட்டி

அந்த இரண்டு டிஸ்க்குகளையும் முதல் நாள் பேட்ச் இல்லாமல் ஒரு முறை நிறுவிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்கு அவற்றை எடுத்துச் செல்லலாமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.