அம்மாவுக்கு பைகார்பனேட் 18, சமையல் சோடா கொடுக்கலாமா?

ரங்கூன்வாசி:
அம்மாவுக்கு வயது 64. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். திங்யான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு. நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு) 18. 22 முதல் 29 வரை இருக்க வேண்டுமாம். வழக்கமான மருத்துவர் நாளை மறுநாள்தான் வருவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். பொட்டலத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மோல்மேன் அக்கா:
பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், தம்பி. சோடா வேண்டாம். ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. சோடியமும் குளோரைடும் எவ்வளவு? மூச்சு வாங்குகிறதா?

ரங்கூன்வாசி:
138, 110. பொட்டாசியம் 3.4. மூச்சு சாதாரணமாக இருக்கிறது, அக்கா. காலையில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கேட்டுச் சண்டை பிடித்தார்.

பெகுக்காரன்:
எனக்கும் ஒருமுறை 17 வந்தது. மறுபடி எடுத்தால் 24! சோதனைக் குழாயை மூடாமல் வைத்திருந்தார்களாம்.

மோல்மேன் அக்கா:
உண்மைதான், மூடி திறந்து கிடந்தால் கரியமில வாயு வெளியேறி எண் இறங்கிவிடும். ஆனால் அப்போது குளோரைடு ஏறாது, அண்ணா. இங்கே ஏறியிருக்கிறது.

தம்பி, குளோரைடையும் பைகார்பனேட்டையும் கூட்டினால் 128. அதைச் சோடியத்திலிருந்து கழித்தால் 10. இதைத்தான் அனயான் கேப் என்கிறோம்; பல கூடங்களில் 8 முதல் 12 வரை இயல்பு. கீட்டோன் அமிலமோ லாக்டிக் அமிலமோ சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இது கூடியிருக்கும். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் குடல் வழியே போய்விடும். சிறுநீரகம் குளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் குறைந்ததற்கும் வயிற்றுப்போக்கே காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் நாளை மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்று இன்றே எந்த மருத்துவரிடமாவது தொலைபேசியில் கேளுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), சர்க்கரை, கீட்டோன் அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வேகமானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மந்தமாகத் தூங்கி விழுந்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரங்கூன்வாசி (ஐந்து நாள் கழித்து):
மருத்துவர் மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்திவிட்டு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்கச் சொன்னார். அதிலுள்ள சிட்ரேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றிவிடுமாம். இன்று 23. பெரியம்மா தன் சோடாதான் வேலை செய்தது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பொட்டலம் இன்னும் பிரிக்காமல் எங்கள் அடுப்படியில் இருக்கிறது.