பெரிய வீட்டுப் பங்காளிகள் குரூப்: இரண்டாங்கட்டு பிளக் பாயிண்ட்

தேவகோட்டை ஆச்சி, காலை 8:41
இரண்டாங்கட்டுல (வீட்டோட ரெண்டாவது முற்றப் பகுதி) மூணு பிளக் பாயிண்டும் ஓடலை. லைட்டு, ஃபேன் நல்லா இருக்கு. நாளைக்குப் படைப்பு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது), கிரைண்டர் போடணும். தம்பி டெஸ்டர் வச்சுப் பார்த்தான், எரியுதுங்கிறான். கரண்ட் இருந்துமா ஓடாது?

மதுரை சித்தப்பா, 8:46
டெஸ்டர் எரிஞ்சா பேஸ், அதாவது கரண்ட் வர்ற ஒயர், வருதுண்டுதான் அர்த்தம் ஆச்சி. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர், இருக்காண்டு அது சொல்லாது. எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) விழுந்திருந்தா பேஸும் வந்திருக்காது, அதனால அது இல்லை. நியூட்ரல் எங்கேயோ விட்டிருக்கு.
தம்பி, ஒரு பிளக்குல இஸ்திரிப் பெட்டியைச் சொருகி சுவிட்சைப் போடு. மத்த ரெண்டுலயும் இடப்பக்க (நியூட்ரல்) ஓட்டையில டெஸ்டர் வை.

தம்பி (பெரிய வீடு), 8:58
ரெண்டு ஓட்டையும் எரியுது சித்தப்பா! பெட்டியைக் கழட்டினா இடப்பக்கம் அணைஞ்சிருது.

மதுரை சித்தப்பா, 9:01
அப்ப உறுதி. பேஸ் பெட்டிக் காயில் வழியா வந்து, திரும்பிப் போக வழியில்லாம நியூட்ரல் ஒயர்லயே நிக்குது. கறுப்பு ஒயர்தானேண்டு தொட்டா அடிக்கும். எல்லாப் பிளக்கையும் உருவிப்போடு.

காரைக்குடி அண்ணன், 9:04
மீட்டர் இருக்காப்பா? பெட்டியைச் சொருகிச் சுவிட்ச் போட்ட நிலையில பேஸ்-நியூட்ரல் பூஜ்ஜியம் பக்கம், நியூட்ரல்-எர்த் 230 பக்கம் காட்டும். பெட்டியைக் கழட்டிட்டா மீட்டர் 40, 90ண்டு எதையாவது காட்டும், அது சும்மா தூண்டல் வோல்ட்டு, நம்பாத. மீட்டர் இல்லாட்டி 100 வாட்ஸ் குண்டு பல்பு ஹோல்டர்ல ரெண்டு ஒயர் போட்டுக்க. எல்இடி வேண்டாம், தூண்டல் வோல்ட்டுக்கே மினுக்கும். பேஸ்-எர்த்துல மட்டும் பல்பு வைக்காத, ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துல கசிஞ்சா விழுற சுவிட்ச்) இருந்தா அது 30 மில்லி ஆம்புக்கே விழுந்துரும்.

தேவகோட்டை ஆச்சி, 9:10
இங்க ஒயரிங் பாக்குற ஆள், எர்த்துலேர்ந்து நியூட்ரலுக்கு ஒரு துண்டு போட்டா அஞ்சு நிமிஷத்துல ஓடும்ங்கிறாரே?

மதுரை சித்தப்பா, 9:11
கூடவே கூடாது ஆச்சி. ஓடும், ஆனா லோடு கரண்ட் முழுக்க எர்த்துல போகும். எர்த் கம்பி ஒரு நாள் விட்டுதுண்டா, கிரைண்டர் பாடி, ஃபிரிட்ஜ் கதவு எல்லாத்துலயும் 230 வந்து நிக்கும். அவரை அனுப்பிருங்க.

காரைக்குடி அண்ணன், 9:15
மூணும் சேர்ந்து போச்சுண்டா ஒயர் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு லூப்பா போகுது. ஓடுற கடைசிப் பிளக், ஓடாத முதல் பிளக், இந்த ரெண்டுலதான் கோளாறு இருக்கும். பட்டாலை (கூடம்) பிளக் ஓடுதா?

தம்பி, 9:17
அது ஓடுது.

காரைக்குடி அண்ணன், 9:19
அப்ப அதையும், இரண்டாங்கட்டு முதல் பிளக்கையும் திற. அதுக்கு முன்னாடி மெயினை இறக்கு. இன்வெர்ட்டரையும் நிறுத்தணும், மெயினை இறக்கினாலும் அது லைன் கொடுத்துக்கிட்டே இருக்கும். டெஸ்டரை முதல்ல ஓடுற இடத்துல வச்சு அது வேலை செய்யுதாண்டு பாத்துட்டு, மெயினை இறக்கின பிறகு அதே இடத்துல மறுபடி வை.

தம்பி, 9:52
பட்டாலைப் பலகைக்குள்ள கறுப்பு ஒயர் கருகி, இன்சுலேஷன் உருகியிருக்கு. இழுத்தா கையோட வருது. ஒயர் வெள்ளையா இருக்கு, காப்பர் இல்லை.

மதுரை சித்தப்பா, 9:56
பழைய அலுமினியம். ஸ்க்ரூவுக்குக் கீழே அது நாளடைவில நசுங்கித் தளரும். தளர்ந்த இடம் சூடாகும், மேல ஆக்சைடு படியும், அதனால இன்னும் சூடாகும். அந்தப் பிளக்குல இண்டக்‌ஷன் அடுப்பு போட்டீகளா? 2000 வாட்ஸ்ண்டா 8.7 ஆம்ப். அது 6 ஆம்ப் பிளக்.

தேவகோட்டை ஆச்சி, 9:58
போன வாரம் பூரா பால் காய்ச்சினோம் 🙈

காரைக்குடி அண்ணன், 10:03
இப்போதைக்கு: கருகின நுனியை நல்ல பளபளப்பு வர்ற வரைக்கும் வெட்டு. சாக்கெட்டை மாத்து, சூட்டுல உள்ளே பித்தளைக் கிளிப் தளர்ந்திருக்கும். ஒயர் எட்டலைண்டா காப்பர் துண்டைச் சேர்த்து முறுக்காத. ரெண்டும் தொட்டா அலுமினியம் அரிச்சுப்போகும். போர்சலின் கனெக்டர்ல ஆளுக்கொரு ஸ்க்ரூவுல தனித்தனியா, தொடாம வை. மத்த ரெண்டு பலகையையும் திறந்து ஸ்க்ரூவை இறுக்கிப் பாரு.

தம்பி, 11:40
முடிச்சாச்சு. பேஸ்-நியூட்ரல் 229, பெட்டியைப் போட்டா 225. நியூட்ரல்-எர்த் 2.

மதுரை சித்தப்பா, 11:44
சரியா இருக்கு. அரைமணி நேரம் கிரைண்டரை ஓட்டிட்டு, மெயினை இறக்கி, பட்டாலைச் சாக்கெட்டைத் தொட்டுப் பாரு. சுட்டுதுண்டா இன்னும் எங்கேயோ தளர்வு இருக்கு.

காரைக்குடி அண்ணன், 11:50
படைப்பு முடியட்டும். இண்டக்‌ஷனுக்கு டிபி-லேர்ந்து (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) தனி லைன்: 2.5 சதுர மில்லி காப்பர், 16 ஆம்ப் சாக்கெட், 16 ஆம்ப் எம்சிபி, எர்த்தோட. அதுவரைக்கும் பால் விறகு அடுப்புலயே காயட்டும்.

தேவகோட்டை ஆச்சி, 11:53
சுவரை உடைக்கணுமாப்பா? அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு.

காரைக்குடி அண்ணன், 11:54
உளியே வைக்க விடாதீக. பழைய ஒயரிங் தேக்குப் பட்டி போற வழியிலேயே, விட்டத்தை ஒட்டி கேப்பிங்ல (ஒயரை மூடுற பட்டை) கொண்டுபோயிரலாம்.