புதுப்பிப்பு: கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்துக்குப் பிறகு கல்யாணம்

போன மாதம் கேட்டிருந்தேனே, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி பார்த்து ஆள் எடுக்கும் கனடா குடியேற்ற முறை) தனியாளாக விண்ணப்பம் போட்டாச்சு, முடிவு வருவதற்குள் பெங்களூரில் கல்யாணம், இதைச் சொல்லணுமா வேண்டாமா என்று. சொல்லிவிட்டேன். அல்சூரில் தாலி கட்டி, திருமணத்தைப் பதிவு செய்த கையோடு சான்றிதழை இணையப் படிவத்தில் ஏற்றியாயிற்று.

புள்ளி குறையுமே என்று பலர் பயமுறுத்தினீர்கள். வயதுக்கு அதிகபட்சம் தனியாளுக்கு 110, துணையும் கூட வந்தால் 100, அது உண்மைதான்; ஆனால் குடியேற்றத் துறையினர் பார்ப்பது விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலும் இருந்த நிலவரத்தை, என் கல்யாணம் அதற்கும் அப்புறம். இரண்டுக்கும் நடுவில் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"கல்யாணத்தைச் சொல்லாம கமுக்கமா இருந்துட்டு அப்புறம் மனைவியை ஸ்பான்சர் பண்ணிக்கோங்க" என்றார் இங்கே ஒரு ஏஜென்ட். மனுஷனுக்கு என்ன துணிச்சல்! மறைத்த துணையைப் பின்னால் குடும்ப வகையில் அழைக்க முடியாது என்பதுதான் அங்கே பொது விதி, பொய்த் தகவல் என்று முடிவானால் 5 வருடத் தடை வேறு. மனைவி இப்போது கூட வராவிட்டாலும் மெடிக்கல் (மருத்துவப் பரிசோதனை) எடுத்தாக வேண்டும், கையிருப்புப் பணமும் இரண்டு பேர் கணக்குக்குக் காட்டணும். மெடிக்கலுக்கான கடிதம் இன்னும் வரவில்லை.