பழைய நீச்சல் குளத்தின் உட்பூச்சை இப்போது புதுப்பிக்கலாமா?

செங்கோட்டைவாசி:
வணக்கம். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையே நாங்கள் நடத்தும் விடுதியில், 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட பழைய கான்கிரீட் நீச்சல் குளம் உள்ளது. உட்பூச்சு பல இடங்களில் உப்பிப் பெயர்ந்திருக்கிறது. ஆழமான பக்கத்துச் சுவரில் விரிசல் ஓடுகிறது. நீர்மட்டமும் நாள்தோறும் இறங்குகிறது. சாரல் காலத்தில் வருபவர்கள் குற்றாலத்து அருவிகளுக்கே செல்வதால், இப்போதே நீரை வடித்து, பழைய பூச்சின் மேலேயே புதிதாகப் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். அவ்வாறு செய்யலாமா?

ஆரியங்காவுத் தமிழன்:
அண்ணாச்சி, தயவுசெய்து இப்போது வடிக்காதீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கத்தில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும். அது குளத்தை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும்போது, உள்ளே நிற்கும் நீரின் எடைதான் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது; அந்த எடையை எடுத்துவிட்டால் தரை வெடிக்கலாம், குளம் முழுவதுமே மேலெழும்பவும் கூடும். அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டம் உங்கள் குளத்தின் அடித்தளத்துக்கு நன்றாகக் கீழே போன பிறகே வடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்து, மாசி, பங்குனியில் தொடங்குவதே நல்லது.

தென்காசிப் பொறியாளர்:
அவர் சொல்வது முற்றிலும் சரி. அதுவரை நீர்க்கசிவை அளந்து பாருங்கள். ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளியிலும் குளத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, மழையில்லாத நாளில் 24 மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள். வாளியில் குறைவது ஆவியானது. குளத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறைவது கசிவு. உங்கள் குளத்தில் 1 செ.மீ. இறங்கினால் 720 லிட்டர் போயிற்று என்று பொருள். மோட்டார் ஓடும்போது மட்டும் கசிவு மிகுந்தால், குழாயைச் சந்தேகியுங்கள். பூச்சு அதற்கு மருந்தாகாது.

பழைய பூச்சின் மேல் பூசுவதை நான் ஏற்கவில்லை. சுத்தியலால் தட்டி, வெற்றொலி கேட்கும் இடங்களையெல்லாம் கான்கிரீட் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். விரிசலில் துருக்கறை இருந்தால், கம்பியைச் சுற்றிலும் கொத்தித் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூசி, சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். பிறகு பாலிமர் கலந்த நீர்க்காப்புப் பூச்சை இருமுறை அடித்து, அது காய்ந்ததும் நீர் நிரப்பிச் சோதித்த பின்னரே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

செங்கோட்டைவாசி:
இருவருக்கும் நன்றி. கிணற்றில் இப்போது கைக்கெட்டும் ஆழத்தில் நீர் நிற்கிறது. ஆகவே வேலையை மாசிக்குத் தள்ளிவைத்து, மழை விட்டதும் வாளிச் சோதனையைச் செய்து, அளவுகளை இங்கே எழுதுகிறேன்.