கேஸ் சிலிண்டரில் இருப்பது மணமூட்டியா, வாடையூட்டியா?

அண்ணாச்சி, ஓடரண்டுக்கு, அதாவது வாசனை தருகிற பொருளுக்கு, தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொன்ன 'மணமூட்டி' எனக்கு ஒட்டவில்லை. பாயசத்தில் போடும் ஏலக்காய்க்கு அது சரி. சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலக்கிறார்கள். 1937 மார்ச்சில் டெக்சாஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் வாடையே இல்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி, யாருக்கும் தெரியாமலே வெடித்து, ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்துப்போன பிறகுதான் அங்கே எரிவாயுவில் வாடை சேர்க்கச் சட்டம் வந்தது. மூக்கைச் சுளிக்க வைக்கவே சேர்க்கிற சரக்குக்கு 'மணம்' எதற்கு?

ஓடரண்டுக்கு மூலமான லத்தீன் 'ஓடொர்' நல்ல வாசனைக்கும் கெட்டதுக்கும் பொது. வாசம் வீசுதல் என்ற பொருளுள்ள 'ஒலேரே' வினையும் அதே வேர்தான், கண்ணீரைக் குறித்த 'தக்ருமா' பின்னால் 'லக்ரிமா' ஆன மாதிரி இங்கேயும் தகரம் லகரமாகிவிட்டது. நம் 'நாற்ற'மும் ஒரு காலத்தில் பொதுதான், 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று குறள் சொல்வது மொட்டுக்குள் இருக்கும் நறுமணத்தை. ஆனால் இன்றைக்கு 'நாற்றமூட்டி' என்றால் ரோஜாவுக்கு வாசனை தரும் ஜெரானியாலை அதில் சேர்க்க முடியாது, அதுவும் ஓடரண்ட்தானே.

அதனால் 'வாடையூட்டி'. நம்ம பக்கம் பிச்சிப்பூ வாடையும் உண்டு, கருவாட்டு வாடையும் உண்டு. பாளையங்கோட்டையில் எந்த அடுக்களையிலும் "கேஸ் வாடை அடிக்கு, சன்னலத் தொற" என்றுதான் சத்தம் வரும், மணக்குது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். வாடைக்காற்றோடு குழம்பும் என்கிறீர்கள், சரி, சிலிண்டருக்குள் வடகாற்று அடிக்கும் என்று யார் நினைக்கப்போகிறார்கள்?

அப்புறம் மெர்காப்டனுக்குப் 'பாதரசப்பற்றி' என்று வந்திருக்கும் யோசனை. 'மெர்கூரியும் காப்தான்ஸ்', பாதரசத்தைப் பிடிப்பது, என்றுதான் டென்மார்க்கின் வேதியியலாளர் சைசே பெயர் வைத்தார், உண்மைதான். அதற்காக அதை அப்படியே பெயர்த்தால் சிலிண்டரில் பாதரசம் இருக்கிறது என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். வேதியியல்காரர்களே அதை விட்டுவிட்டு, கந்தகத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'தயோல்' என்ற பெயருக்கு மாறிவிட்டார்கள், நாமும் தயோல் என்றே எழுதலாம்.

டியோடரண்டுக்கு 'வாடைநீக்கி', இது தானாகவே ஜோடி சேர்ந்துவிடுகிறது. வாசனையை மூக்கிலிருந்து மூளைக்குக் கொண்டுபோகும் ஒல்ஃபாக்டரி நரம்புக்கு மட்டும் 'நுகர்வு' வேண்டாம், பழைய பொருள் பொருந்தினாலும் இப்போது அதைக் கேட்டால் நுகர்வோர் கோர்ட்தான் ஞாபகம் வருகிறது. 'முகர்வு நரம்பு' என்று போடுங்கள்.