படுக்கைப்புண்ணுக்கு எத்தனை பெயர்?

மருத்துவ நூலகத்தில் வேலை பார்ப்பவர்களும் அங்கே போய்த் தேடியவர்களும் மறக்க முடியாத ஒரு தேடலைப் பற்றி எழுதுங்களேன். நானே தொடங்குகிறேன், நான் நூலகர்.

முதுநிலை செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் ஆய்வேட்டுக்காக வந்தார். தலைப்பு, படுக்கைப்புண். "பப்மெட்டில் பார்த்துவிட்டேன் சார், பழைய ஆய்வுகளே இல்லை. எல்லாம் சமீபத்துக் கட்டுரைகள்தான்" என்றார். பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதர்கள் நோயில் படுத்த காலத்திலிருந்தே இருக்கும் புண் அது. என்ன தட்டினீர்கள் என்று கேட்டேன். பிரஷர் இஞ்சுரி என்ற சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்.

சிக்கல் அங்கேதான். அந்தப் பெயரை அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2016-இல்தான் முன்வைத்தது. அதற்கு முன் பிரஷர் அல்சர், இன்னும் பின்னால் போனால் டெகுபிடஸ் அல்சர். வார்டில் எல்லாரும் சொல்வதோ பெட்சோர். மேற்கோள் குறி போட்டுவிட்டால் பப்மெட் இணைச்சொற்களைத் தானாகச் சேர்க்காது. எழுதியதை எழுதியபடியே தேடும். குறி இல்லாமல் தட்டியிருந்தாலே கொஞ்சம் தப்பித்திருப்பார்.

அப்புறம் இருவரும் மெஷ் பட்டியலைத் திறந்தோம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் வைத்திருக்கும் தலைப்புச் சொற்களின் பட்டியல் அது. கட்டுரை எழுதியவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும், பொருள் ஒன்றென்றால் தலைப்பும் ஒன்று. இங்கே அது பிரஷர் அல்சர். அந்தத் தலைப்பையும் நான்கு பெயர்களையும் 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்துத் தேடினோம். தலைப்பு மட்டும் போதாது, ஏனென்றால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு இருப்பதில்லை. இந்த முறை பல பத்தாண்டுக் கட்டுரைகள் வந்து விழுந்தன. அவர் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தையே மாற்றி எழுதினார்.

மருந்தியல் மாணவர்:
எனக்கு இதே கதை பாராசிட்டமாலில். மெஷ்ஷில் அதன் தலைப்பு அசிட்டமினோஃபென், அமெரிக்கப் பெயர். எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவக் கட்டுரைத் தளத்துக்குப் போனால் தலைப்பு பாராசிட்டமால். ஒரு தளத்துக்கு எழுதிய தேடல் வரியை அப்படியே இன்னொன்றில் ஒட்டிவிட்டு, ஒன்றுமே வரவில்லையே என்று அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

எலும்பு மருத்துவம் படிப்பவர்:
புத்தகத் தட்டிலும் இது உண்டு. முதுகெலும்புக் காசநோய் பற்றிய புத்தகம் வேண்டியிருந்தது. காசநோய் என்றதும் டபிள்யூ.எஃப். வரிசைக்குப் போய்விட்டேன். அது சுவாச மண்டலம். நான் தேடியது டபிள்யூ.இ. வரிசையில், எலும்பு தசை மண்டலத்தில் இருந்தது. மருத்துவ நூலகங்களின் அந்த வகைப்பாடு பெரும்பாலும் உறுப்பைப் பார்த்துப் பிரிக்கிறது. எங்களுக்கு அது வசதிதான், ஆனால் ஒரு தொற்றுநோயை முழுதாகப் படிக்க நினைப்பவர் கட்டடம் முழுக்க நடக்க வேண்டும். ஒரு புத்தகம் ஒரே தட்டில்தான் இருக்க முடியும், அட்டவணையில் நான்கு தலைப்பின் கீழும் இருக்கலாம். முதலில் நூலக அட்டவணையைப் பார்த்திருக்க வேண்டும்.

நோயாளியின் மகள்:
நான் படித்தவள் இல்லை, மருத்துவம் சார்ந்த வேலையும் இல்லை. அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் எம்.எஸ். என்று இரண்டு எழுத்து. இணையத்தில் தேடினேன், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று வந்தது. ராத்திரி முழுக்க மூளை, நரம்பு, நடக்க முடியாமல் போவது என்று படித்துக்கொண்டே இருந்தேன். காலையில் பொது நூலகத்துக்குப் போய் அதைப் பற்றிப் புத்தகம் கேட்டேன். அங்கிருந்த நூலகர் அம்மா புத்தகம் எடுக்கப் போகவில்லை. "எந்தப் பிரிவில் சேர்த்திருந்தார்கள்?" என்று கேட்டார். இதயப் பிரிவு என்றேன். "அங்கே இதே எழுத்துக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்றும் அர்த்தம் உண்டும்மா, அது இதய வால்வு சுருங்குவது. நான் டாக்டர் இல்லை, நீங்கள் முதலில் அவரிடம் கேளுங்கள், அப்புறம் புத்தகம் தருகிறேன்" என்றார். அங்கிருந்தே போன் செய்தேன். வால்வுதான்.