முதலீட்டாளர் உறவுப் பிரிவுக்கு மாற வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிய பங்கு வெளியீட்டுக்கு வரைவு ஆவணம் தயாரிப்பது, நிறுவனத்தை மதிப்பிடுவது எல்லாம் பழகிய வேலை. ஆனால் பங்கு பட்டியலிடப்பட்டதும் அந்த நிறுவனத்துடனான தொடர்பு அநேகமாக முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அது பங்குதாரர்களுக்கு என்ன சொல்கிறது என்பதில்தான் என் மனம் நிற்கிறது. அதனால் ஏதாவது ஒரு நிறுவனத்தின் முதலீட்டாளர் உறவுப் பிரிவில் சேர விரும்புகிறேன்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்காக 2015ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிமுறைகளைப் படித்துவிட்டேன். கடைசிக் காலாண்டைத் தவிர மற்றவற்றுக்கு, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் நிதி முடிவுகள், பங்கு ஆய்வாளர்களுடனான கூட்டத்தின் எழுத்து வடிவம் 5 வேலை நாட்களுக்குள் என்பதெல்லாம் தெரியும். அன்றாட வேலைதான் பிடிபடவில்லை. லாபம் சரிந்த காலாண்டில் துருவித் துருவிக் கேட்கும் ஆய்வாளரிடம், வெளியிடாத தகவல் வாய்தவறி வந்துவிடாமல் எப்படிப் பேசுகிறீர்கள்? எனக்கு இந்தப் பயம்தான் அதிகம்.

சம்பளம் எவ்வளவு குறையும்? நேரடியாக நிறுவனத்தில் சேரலாமா, ஆலோசனை நிறுவனத்தில் தொடங்குவது நல்லதா? இந்த வழியில் போனவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். தனிச்செய்தியாக அனுப்பினாலும் சரி. அடுத்த மாதத்துக்குள் நான் முடிவெடுக்க வேண்டும்.